சக்கைக்காரி மாயக்காள்

மாயக்காளுக்கு இருந்தது ஒரே ஒரு வியாதிதான். சிரிப்பாணி. வந்துவிட்டால் அடக்கத் தெரியாது. வாயைப் பொத்துவாள், முந்தானையைக் கடிப்பாள், கடைசியில் கண்ணில் தண்ணீர் ஓட அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவாள். இழவு வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போகிறவர்கள் வாசலிலேயே நிறுத்தி, "ஏத்தா, உள்ள வந்து மானத்த வாங்கிராத" என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வார்கள். நல்லகாமன் அவளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, பிரிந்திருக்க மனமில்லாமல் தன் கன்றுக்குட்டியையும் கூடவே பிடித்து வந்திருந்தான். பெரியவர்கள் நகை நட்டு பேசிக்கொண்டிருக்க, கன்று மாப்பிள்ளையின் வேட்டி நுனியை நிதானமாகச் சப்பிக்கொண்டிருந்தது. கதவிடுக்கில் அதைப் பார்த்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டது. பெண்ணுக்குப் புத்தி சரியில்லையோ என்று மாப்பிள்ளை வீட்டார் முகத்தைச் சுளித்தார்கள். நல்லகாமன்தான், "கன்னுக்குட்டியப் பாத்துச் சிரிக்கிற புள்ள நல்ல புள்ளதான்" என்று பேச்சை முடித்துவைத்தான்.

அப்படி வாழ வந்த ஊர் ஊசிக்கரட்டுப்பட்டி. அலங்காநல்லூருக்கு வடக்கே இரண்டு மைல். சுற்றிலும் ஆலைக்குப் போகிற கரும்பு. அதன் நடுவில் ஒன்றேகால் ஏக்கரில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த ஒரு திராட்சைப் பந்தல். சின்னமனூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட அக்காளிடம் போய்ப் பன்னீர் திராட்சைக் குச்சிகளைச் சேலையில் சுற்றிக்கொண்டு வந்து மாயக்காள் நட்டது அது. நல்லகாமனுக்கு இரண்டு பேர் மேல் உயிர். முதலில் அந்தக் கன்றே வளர்ந்து ஜல்லிக்கட்டுக்கு நிற்கிற செவலைக் காளை, அடுத்தது மாயக்காள். அந்த வரிசையில் அவளுக்கு ஒன்றும் வருத்தமில்லை. பந்தல் மேல்தான் அவனுக்குப் பிரியம் வரவில்லை. கரும்பென்றால் நட்டோமா வெட்டினோமா என்று போய்விடும், திராட்சை மாமியார் மாதிரி நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருந்து கவனிக்கச் சொல்கிறது என்பான்.

ஆரம்பத்தில் பழத்தை மதுரைச் சிம்மக்கல் மண்டிக்குத்தான் போட்டாள். மண்டிக்காரருக்குப் பழம் புள்ளி விழாமல் பளபளவென்று இருக்க வேண்டும். ஆகவே ஊரே மருந்து அடித்தது, மாயக்காளும் அடித்தாள். காய் பிடித்ததிலிருந்து பறிக்கிற வாரம் வரைக்கும் எட்டுத் தடவை. ஒரு நாள் காலையில் அடித்துவிட்டுச் சாயங்காலம் போய்ப் பார்த்தால், பந்தலுக்குக் கீழே கொத்தித் திரிந்த அவளுடைய பதினோரு கோழிகளும் காலை நீட்டிக்கொண்டு கிடந்தன. இரண்டு நாள் அவள் சிரிக்கவில்லை. ஊர் பயந்துவிட்டது. மூன்றாம் நாள் தெளிப்பானைத் தூக்கி எருக்குழியில் போட்டு மூடிவிட்டு, "கோழியக் கொல்ற மருந்தத் திங்கிற பழத்துல அடிச்சிருக்கேனே, என்னைய எதால அடிக்க?" என்றாள். அடுத்த காய்ப்புக்கு வேப்பம்புண்ணாக்கும் மாட்டு மூத்திரமும்தான். பழத்தில் அங்கங்கே புள்ளி விழுந்தது. மண்டிக்காரர் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, இதை ஆட்டுக்குப் போடு என்று சொல்லிவிட்டார்.

யாரோ சொல்லித்தான் திருநகர் தாண்டித் திருமங்கலம் ரோட்டில் இருந்த கிறிஸ்தவக் குருமடத்தைத் தேடிப்போனாள். சாமியார்கள் பூசைக்கு வைக்கிற திராட்சை ரசத்தை அங்கேதான் ஊறவைத்து இறக்குவார்கள். தமிழ்நாடு முழுக்க மதுவிலக்கு இறுக்கிப் பிடித்திருந்த நேரம். பூசைக்கென்று சர்க்கார் கொடுத்த பெர்மிட்டில் அவர்கள் மட்டும் செய்துகொண்டிருந்தார்கள். அதைக் கவனித்துக்கொண்டிருந்தவர் பிரதர் தனிஸ்லாஸ். ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி, முப்பது வயதுதான் இருக்கும். ஆனால் சிரிப்பு என்பது அந்த முகத்தின் பக்கமே வந்ததில்லை. மாயக்காள் அவரைப் பார்த்த மாத்திரத்தில், இந்த ஆளை ஒரு நாளாவது சிரிக்கவைக்காமல் விடுவதில்லை என்று மனசுக்குள் நேர்ந்துகொண்டாள்.

மருந்தடிக்காத பழம் என்றதும் பிரதர் உடனே சம்மதித்தார். மாயக்காளுக்குத் தலைகால் புரியவில்லை. சாமிக்குப் போகிற பழமாயிற்றே, அழுக்கோடு கொடுக்கலாமா? நூறு கிலோ பழத்தையும் கிணற்றடியில் போட்டு, தலைக்குத் தேய்க்கிற சீயக்காயைக் கரைத்து, கொத்துக் கொத்தாய் முக்கி அலசி, துண்டால் துடைத்துக் கொண்டுபோய் இறக்கினாள். நாலாம் நாள் குருமடத்திலிருந்து ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் பெரிய மரத்தொட்டியில் ரசம் புளிக்கவில்லை. மேலே நுரை மட்டும் வண்ணான் துறை மாதிரி பொங்கி நின்றது.

"அம்மா, பழத்துல என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார் பிரதர்.

"சாமிக்குன்னு சொன்னீக. அதான் நல்லாத் தலைக்குக் குளிப்பாட்டிக் கொண்டாந்தேன்."

பிரதரின் உதடு ஒரு பக்கம் லேசாகத் துடித்தது. சிரிக்கப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். சிரிக்கவில்லை. பழத்தின் தோலில் சாம்பல் பூத்த மாதிரி படிந்திருக்கிறதே, அதில்தான் ரசத்தைப் புளிக்கவைக்கிற உயிர் இருக்கிறது, மருந்தடித்தாலும் அது சாகும், சீயக்காய் போட்டாலும் போய்விடும் என்று விளக்கினார். "கொடியில இருந்தபடி வந்தா போதும்மா. சாமி ஒண்ணும் நினைச்சுக்க மாட்டார்."

அதற்கப்புறம் மாயக்காளும் குருமடமும் ஒட்டிக்கொண்டார்கள். பந்தலுக்கு அடியில் மறுபடியும் கோழிகள் மேய்ந்தன, புழுவையும் வண்டையும் அவை பார்த்துக்கொண்டன. கவாத்து வெட்டிய குச்சி குருமடத்து அடுப்புக்குப் போனது. தொட்டி கழுவிய தண்ணீரை வீணாக்காமல் அவர்கள் வாழைக்கே திருப்பிவிட வாய்க்கால் வெட்டிக் கொடுத்தாள். கடைசியில் பிழிந்த சக்கையில் போய் நின்றது அவள் கண். தோலும் கொட்டையுமாக மலை மாதிரிக் குவிந்து கிடந்ததை அவர்கள் ரோட்டோரப் பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மழை பெய்தால் அது புளித்த தண்ணியாகி அடுத்தவர் கிணறு வரைக்கும் ஓடும்.

"ஏஞ்சாமி, எங்கொடி உண்டாக்குனத எங்கொடிக்கே திருப்பிக் குடுத்தா என்ன?" என்று கேட்டாள். அன்றிலிருந்து சக்கை அவளுடையது. கொண்டுவந்து ஒரு நாள் வெயிலில் பரப்பி, சாணியும் இலையும் கலந்து குழியில் போட்டுத் தினமும் கிளறிவிடுவாள். ஒரு வருஷத்தில் கறுகறுவென்று காப்பித்தூள் மாதிரி எருவாகிவிடும். ஊரில் அவளுக்குச் சக்கைக்காரி என்று பெயர் விழுந்தது. அதைக் கேட்டும் சிரித்தாள்.

குருமடத்து வண்டியில் வருவது போக, அவசரத்துக்கு ஒரு கூடை மட்டும் பஸ்ஸில் வரும். சிம்மக்கல்லில் அலங்காநல்லூர் பஸ் ஏறுவாள். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஏத்தா, எந்தச் சாராயக்கடையத் தலையில தூக்கிட்டு வாரே?" என்பார். மதுவிலக்குக் காலத்து ஆம்பளைகளோ ஒவ்வொருவராக எழுந்து அவள் கூடைக்குப் பக்கத்து சீட்டுக்கு இடம் மாறுவார்கள். "மதினி, கூடைய நான் மடியில வச்சுக்கிறவா?" என்று கேட்டவர்களும் உண்டு. அவள் சிரிக்க, அவர்கள் சிரிக்க, பஸ் குலமங்கலம் தாண்டுவதற்குள் யாரும் ஒரு பொட்டுக் குடிக்காமலே எல்லாருக்கும் ஏறிவிடும்.

இப்படியே மூன்று காய்ப்பு ஓடியது. எழுபத்தொன்பதாம் வருஷப் பொங்கலுக்கு முன்னால்தான் வில்லங்கம் வந்தது. பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டுமானால், பிழிந்த சக்கையை ஓர் அதிகாரி முன்னிலையில் அழித்ததாகக் கையெழுத்து வேண்டும் என்று சர்க்காரில் கேட்டுவிட்டார்கள். எத்தனை கடிதம் எழுதியும் எந்த அதிகாரியும் சக்கை பார்க்க வருவதாக இல்லை. தை பத்துக்குள் கையெழுத்து வராவிட்டால் பெர்மிட் போய்விடும்.

"பெர்மிட் இல்லேன்னா ரசம் இல்லை. ரசம் இல்லேன்னா உங்க பழத்தை நான் வாங்க முடியாதும்மா" என்று பிரதர் தனிஸ்லாஸ் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

மாயக்காள் அதை வீட்டில் வந்து சொன்னதுதான் தப்பு. நல்லகாமன் மறுநாளே போய் முதல் பாத்திக்கென்று இரண்டு கட்டுக் கரும்பு விதைக்கரணை வாங்கிவந்து, வாடாமல் இருக்கக் கிணற்றடித் தொட்டியில் நனையப்போட்டான்.

"இந்தா பாரு புள்ள. தை பத்துவரைக்கும் பாப்பேன். சாமியாரு எடுத்தா எடுக்கட்டும். இல்லேன்னா பதினொண்ணாந்தேதி கொடிய வெட்டிட்டுக் கரும்பு வக்கிறேன். மண்டிக்கும் ஆகாது, மடத்துக்கும் ஆகாதுன்னா இம்புட்டு எடத்தையும் கோழி மேயவா வச்சுருக்கோம்?"

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தக் கரணைக் கட்டு கண்ணில் பட்டது. தூக்கிக் கிணற்றில் எறியலாமா என்று தோன்றும். எறியவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளாயிற்றே.

போகியன்று அந்தக் காய்ப்பின் சக்கை மொத்தமும் குருமடத்து மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. வீட்டில் வெள்ளையடிப்பு, கோலம், பலகாரம், அடுத்த நாளிலிருந்து விருந்தாள். மாயக்காள் புருஷனைக் கூப்பிட்டு, "எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. சக்கைய நீயே பாத்துச் செஞ்சுரு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். என்ன செய்ய வேண்டும் என்று விவரம் சொல்லவில்லை. மூன்று வருஷமாகப் பார்க்கிறவன்தானே என்று நினைத்துவிட்டாள்.

நல்லகாமன் மூன்று வருஷமாகச் செவலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சக்கையை முகர்ந்தான், குப்பென்று ஏறியது. ஜல்லிக்கட்டு பார்க்க மச்சான் வீட்டுச் சனம் வண்டி வண்டியாக வரப்போகிறது. மானம் போய்விடுமே. அவனுக்குத் தெரிந்த பத்திரம் ஒன்றுதான், கம்பு விதையை மூடிவைக்கிற பத்திரம். ஆறு பெரிய மண் மொடாக்களை எடுத்தான், சக்கையைத் திணித்தான், காய்ந்துபோகாமல் இருக்க மொடாவுக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினான், வாயில் தட்டு வைத்துக் களிமண்ணும் சாணியும் குழைத்து ஈ எறும்பு நுழையாமல் மெழுகினான். கிணற்றுக்குப் பின்னால் குழி வெட்டி ஆறையும் இறக்கி, மண்ணைத் தள்ளி, மேலே கரும்புச் சோகையைப் பரப்பினான். ஒரு பொட்டு நாற்றம் இல்லை. மாயக்காள் கேட்டதற்கு, "அம்புட்டும் ஆச்சு" என்றான். கள்ளச்சாராயக்காரன் ஊறல் போடுவதும் அச்சு அசலாக இப்படித்தான் என்பது அந்த உத்தமனுக்குத் தோன்றவேயில்லை.

பொங்கல் போனது, மாட்டுப்பொங்கல் போனது. மூன்றாம் நாள் அலங்காநல்லூர் வாடிவாசலில் செவலை பாய்ந்து வந்தபோது ஐம்பது பேர் நின்றார்கள். ஒருவன் கைகூடத் திமிலில் படவில்லை. நல்லகாமன் தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு வந்தான். செவலையைக் கிணற்றடியில் கட்டி, கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதான். கட்டிய கயிறு சந்தோஷத்தில் லூசாகிவிட்டது.

ஜல்லிக்கட்டு மாட்டுக்குச் சின்னதிலிருந்தே ஒரு பழக்கம் உண்டு. புது மண்ணைக் குவித்து வைத்துக் கொம்பால் குத்தப் பழக்குவார்கள். எங்கே மண்மேட்டைக் கண்டாலும் குத்திக் கிளறாமல் அதற்கு மனசு ஆறாது. விடிந்ததும் அவிழ்த்துக்கொண்ட செவலை கிணற்றுக்குப் பின்னால் போனது. அங்கே புத்தம்புதிதாய் ஒரு மேடு. யாரோ தனக்காகவே குவித்துவைத்தது போல. குனிந்தது, குத்தியது, மூன்று மொடா உடைந்தது. உள்ளே நாலு நாளாய்ப் பொங்கிக்கொண்டிருந்தது புசுக்கென்று வெளியே வந்தது. செவலை முகர்ந்து பார்த்தது. பிறகு உறிஞ்சியது.

வாசம் ஊருக்குள் நுழைந்தபோது மணி ஏழு இருக்கும். பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் வேப்பங்குச்சியோடு அப்படியே நடந்து வந்தார்கள். ஐந்து வருஷமாக அந்த வாசத்தைப் பகிரங்கமாக முகராத ஊர். சிலர் செம்போடு வந்தார்கள், தண்ணீர் எடுக்க வந்தோம் என்றார்கள். பக்கத்து வீட்டு இருளாயி ஓடிவந்து, "மாயக்கா! ஒம்மாடு போதையில நிக்குதுடி!" என்று கத்தினாள். மாயக்காள் தோசைக் கரண்டியோடு ஓடினாள். செவலை நாலு காலையும் நாலு திசைக்குப் பரப்பிக்கொண்டு நின்றது. நாக்கு ஒரு பக்கம் தொங்கியது. அவளைப் பார்த்ததும் வந்து, ஐம்பது பேருக்கு அடங்காத தலையை அவள் தோளில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. வேறு நாளாக இருந்தால் அங்கேயே விழுந்து சிரித்திருப்பாள். உடைந்த மொடாவையும் மெழுகிய களிமண்ணையும் பார்த்தவுடன், புருஷன் ஊறல் போட்ட கோலத்தில் சக்கையைப் புதைத்திருப்பது அவளுக்குப் புரிந்துபோயிற்று.

ஜல்லிக்கட்டு பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ் இன்னும் அலங்காநல்லூரை விட்டுப் போகவில்லை. வாசம் அவர்களையும் எட்டியதோ, யாராவது சொன்னார்களோ, எட்டு மணிக்கு மதுவிலக்கு ஜீப் வந்து கிணற்றடியில் நின்றது. முதலில் இறங்கியவர் ஏட்டு கருத்தக்கண்ணன். மூக்கை வைத்தே ஊறலைக் கண்டுபிடிப்பதில் பேர்போனவர். பின்னால் இன்ஸ்பெக்டர் ஹாலாஸ்யம். கோயில் தெருவில் பிறந்து வளர்ந்தவர், நெற்றியில் விபூதி, மதுவிலக்குக்கு மாற்றலாகி ஒரு மாசம்கூட ஆகவில்லை.

ஏட்டு குழிக்குள் குனிந்து மூச்சை இழுத்தார். இழுத்த மூச்சை வெளியே விட அவருக்கு மனமே வரவில்லை.

"அய்யா, சத்தியமா ஊறலுங்கய்யா. அருமையான ஊறல். நாலு நாள் பக்குவம்."

"நிச்சயமா? எனக்கெப்படி ஐயா தெரியும்? எங்காத்துல காப்பிக்கு மேல ஒண்ணும் உள்ள வந்தது கிடையாது" என்ற இன்ஸ்பெக்டர் கூட்டத்தைப் பார்த்தார். "மகஜருக்குச் சாட்சி வேணும். இது சாராய ஊறல்தான்னு சொல்றவா முன்னால வாங்கோ."

ஒருவரும் அசையவில்லை.

"அப்போ ஊறல் இல்லைன்னு சொல்றவா வாங்கோ."

அதற்கும் அசைவில்லை. எப்படிச் சொன்னாலும், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாரே. செம்போடு வந்தவர்கள் செம்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள்.

"யார் புதைச்சது இதை?"

மாயக்காள் வாயைத் திறந்தாள். நான்தான் என்று சொல்வதாகத்தான் இருந்தாள். சக்கையைக் கேட்டு வாங்கியவள் அவள், விவரம் சொல்லாமல் விட்டவளும் அவள். அதற்குள் செவலைக்குப் பின்னாலிருந்து நல்லகாமன் வெளியே வந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது.

"நாந்தாங்கய்யா. அவளுக்கு ஒண்ணுந் தெரியாது. கம்பு விதைய மூடுறாப்ல மூடுனேன். விருந்தாள் வந்துருந்தாக. நாத்தம் வரக் கூடாதேன்னு."

"வெறும் சக்கையையாப்பா விதை மாதிரிப் பத்திரப்படுத்துவே?" என்று சிரித்தார் ஏட்டு. "அய்யா, ஏத்துங்க ஜீப்புல."

அந்த நேரம் பார்த்துக் கரும்புக்காட்டு வரப்பில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. பிரதர் தனிஸ்லாஸ். ஜல்லிக்கட்டுக்கு வந்த அதிகாரிகள் இன்னும் போயிருக்க மாட்டார்கள், யார் காலிலாவது விழுந்து சக்கை பார்க்கக் கூட்டிவரலாம் என்று பெர்மிட் காகிதத்தோடு அலங்காநல்லூருக்கு முதல் பஸ்ஸில் வந்து, வாடகை சைக்கிள் எடுத்து மிதித்து வந்திருந்தார். கூட்டத்தையும் ஜீப்பையும் மொடாவையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். எல்லாம் அப்படியேதான் இருந்தது.

"சாமி, நீங்க போயிருங்க. ஒங்களுக்கு இதுல ஒண்ணும் இல்ல" என்றாள் மாயக்காள். மடத்தின் பெயர் இதில் வந்தால் பெர்மிட்டும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

பிரதர் போகவில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு நேராக இன்ஸ்பெக்டரிடம் வந்தார். "சார், இது எங்க மடத்துச் சக்கை. எருவுக்குன்னு இந்த அம்மாவுக்கு நான் கொடுத்தது. குத்தம்னா என்னையும் ஏத்திக்குங்க."

இன்ஸ்பெக்டர் ஹாலாஸ்யம் காகிதத்தை வாங்கிப் படித்தார். திருப்பிப் படித்தார். வேர்த்தது அவருக்கு. செவலை நிதானமாக நடந்து வந்து அவர் முதுகில் தாடையை வைத்து ஒரு பெருமூச்சு விட்டது. இன்ஸ்பெக்டர் அசையாமல் நின்றார்.

"யாராவது இதை அப்பால பிடிச்சுண்டு போங்கோளேன்..."

மாயக்காளுக்கு அங்கேதான் புத்தி வேலை செய்தது. பயம் ஒரு எல்லைக்கு மேல் போனால் மனசு சில்லென்று தெளியுமே, அப்படித் தெளிந்தது. குழிக்குள் இறங்கி முழங்கை வரை விட்டு இரண்டு கையும் நிறையச் சக்கையை அள்ளி ஏறினாள்.

"அய்யா, ஊறலு போடுறவன் வெல்லம் போடுவான், வேலம்பட்டை போடுவான். இதுல பாருங்க, தோலும் கொட்டையுந்தேன். இங்கிட்டு வாங்க." பந்தலுக்கு அடியில் போன வருஷக் குழியைக் காலால் விலக்கினாள். கறுத்த எரு, மழை பெய்த மண் மாதிரி வாசம், கைப்பிடிக்குப் பத்து மண்புழு. "இது போன வருசச் சக்கை. சாராயத்துல புழு உயிரோட இருக்குமா? ஏட்டண்ணே, நீங்களே சொல்லுங்க."

ஏட்டு புழுவைப் பார்த்தார். தொழில் தெரிந்த மனிதர், பொய் சொல்ல வரவில்லை. "இருக்காதுத்தா" என்றார்.

"சரி. இப்ப உள்ளது புளிச்சுப்போச்சு, ஒத்துக்கிறேன். ஊறலப் புடிச்சா நீங்க என்ன செய்வீக?"

"தரையில கொட்டி அழிப்போம்."

"எந்தத் தரைன்னு சட்டத்துல இருக்கா?"

ஏட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் வானத்தைப் பார்த்தார். "அப்படியொண்ணும் போட்டிருக்கல" என்றார் கடைசியில்.

"அப்பக் கொடி தூர்ல கொட்டுங்க. ஆனா வெறுமனே கொட்டுனீகன்னா இந்தா நிக்கிற ஆம்பளைக மண்ணோட பெசஞ்சு திண்டுருவாக. சாணியக் கரைச்சு ஊத்திக் கொட்டுங்க. அப்பறம் ஒருத்தன் வாய் வைப்பானா? சக்கையும் அழிஞ்சாப்ல இருக்கும், எங்கொடிக்கும் எரு போட்டாப்ல இருக்கும். அய்யா அந்தக் காகிதத்துல ஒரு கையெழுத்து மட்டும் போட்டா, நாங்க பொழச்சுக்குவோம்."

பிரதர் தனிஸ்லாஸ் பேனாவைத் திறந்து நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் ஹாலாஸ்யம் காகிதத்தையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"பசுஞ்சாணிதானே?"

அப்புறம் நடந்ததை ஊசிக்கரட்டுப்பட்டியில் இன்றைக்கும் விரலை மடக்கிச் சொல்வார்கள். ஜீப்பில் வந்த மூன்று போலீஸ்காரர்கள் கால்சட்டையை மடித்துவிட்டுச் சாணி கரைத்தார்கள். ஏட்டு கருத்தக்கண்ணன் மிச்சம் மூன்று மொடாவையும் ஒவ்வொன்றாக உடைக்கும்போது பெற்ற பிள்ளையை அனுப்பிவைக்கிறவர் மாதிரி நின்றார். சாணித் தண்ணீர் உள்ளே விழுந்தபோது கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது, தேர் சாயும்போது வருமே அந்தச் சத்தம். கொடி கொடியாக, தூர் தூராக, கூடை கூடையாகப் போலீஸ் எரு வைத்தது. இந்தக் கொடிக்கு வைத்தாயிற்றா, அந்தக் கொடி விட்டுப்போயிற்றே என்று விபூதியும் வேர்வையுமாக இன்ஸ்பெக்டரே எண்ணிச் சரிபார்த்தார். கடைசியில் கிணற்றில் கைகழுவிவிட்டு வந்து, "பிழிந்த சக்கை முழுவதும் என் முன்னிலையில் சாணி கலந்து மண்ணில் சேர்த்து அழிக்கப்பட்டது" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"இனிமே வருஷா வருஷம் இதை எவன் அழிப்பான்?" என்று பிரதரிடம் கேட்டார்.

"நீங்கதான் சார்" என்றார் பிரதர். சொல்லும்போதே உதடு ஒரு பக்கம் துடித்தது. ஏட்டின் தொப்பியைச் செவலை வாயில் கவ்விச் சப்பிக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தார். உதடு இன்னொரு பக்கமும் துடித்தது. பிறகு அந்த மனிதர் சிரித்தார். கண்ணாடி நழுவ, அங்கியைப் பிடித்துக்கொண்டு, இருமி இருமிச் சிரித்தார். மூன்று வருஷத்து நேர்த்திக்கடன் தீர்ந்ததைப் பார்க்க மாயக்காள் கொடுத்துவைத்திருந்தாள். ஆனால் அவளுக்குச் சிரிக்க வரவில்லை. காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேவிக் கேவி அழுதாள்.

ஜீப் போனது, பிரதர் போனார், கூட்டமும் கலைந்தது. உச்சிவெயிலில் செவலைக்குப் போதை தெளிந்தது. தலை பாரம் போலிருக்கிறது, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு முனகியது. பசி வேறு. நல்லகாமன் அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல் தரையைக் கீறிக்கொண்டிருந்தான்.

மாயக்காள் கிணற்றடித் தொட்டிக்குப் போனாள். நனைந்து கிடந்த ஒரு கட்டு விதைக்கரணையை இழுத்து எடுத்து, கயிற்றை அவிழ்த்து, செவலைக்கு முன்னால் போட்டாள். செவலை ஒரு கரணையை முகர்ந்தது, கடித்தது. நறுக் நறுக்கென்று பதினொன்றாம் தேதிக் கரும்பு போய்க்கொண்டிருந்தது. அவள் புருஷனைப் பார்த்தாள். திட்டுவானா என்று பார்த்தாள்.

நல்லகாமன் கட்டு பாதி தீர்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, தொட்டிக்குப் போய் இரண்டாவது கட்டையும் தானே தூக்கிவந்து மாட்டுக்கு முன்னால் வைத்தான்.

"இந்தா, இதையும் திண்டுரட்டும். நனைஞ்சு கெடந்தா வீணாத்தேன் போகும்" என்றான்.

மாயக்காளுக்கு வயிற்றுக்குள்ளிருந்து புறப்பட்டது. வாயைப் பொத்தினாள், முந்தானையைக் கடித்தாள். முடியவில்லை. அப்படியே பந்தலுக்கு அடியில், போலீஸ் வைத்த எரு மேலேயே உட்கார்ந்துவிட்டாள். தெருமுனை வரைக்கும் கேட்டது.